காளிமுத்துவின் சாப்பாட்டுத் தட்டு

லதாக்கா கள்ளாட்டம் ஆடினார் என்று வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், சொன்னவனைக் கடைப்படியை விட்டு இறக்கிவிட்டிருப்பேன். இப்போது அதை நானே எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முழுப்பெயர் ஸ்வர்ணலதா. மட்டாஞ்சேரியில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் முழிப்பார்கள். பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை வாங்க வருகிற லதா என்றால் உடனே தெரியும். அவருடைய அப்பா காளிமுத்து கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர். அவருக்குப் பிறகு அம்மா முனியாயி அதே வேலைக்குப் போனார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்த குடும்பம். என் குடும்பமும் அப்படித்தான், எங்களுக்குப் பள்ளிவாசல், அவர்களுக்குச் சுடலைமாடன், அவ்வளவு வித்தியாசம். நான் ரயீஸ். பஜார் ரோட்டில் சாக்கும் கயிறும் விற்கிறேன். வீட்டில் தமிழ், படித்தது மலையாளம், கடையில் வருகிறவர் வாயில் இருக்கிற பாஷை.

என் கடை மாடியில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம் நடக்கும். சீட்டாட்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், என் உம்மா ஜொஹரா பீவி ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்தார். இது கதை ஆட்டம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்வோம். நான் ஒரு குள்ளக் கொல்லன், கையில் சம்மட்டி, வாயில் வசவு. மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார், அவர் வேஷம் கட்டமாட்டார். உலகத்தைச் சொல்வது அவர் வேலை. முன்னால் ஒரு காடு இருக்கிறது, உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது, நீ என்ன செய்கிறாய் என்று கேட்பார். நாம் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பெரிய எண் விழுந்தால் பலித்தது. சின்ன எண் விழுந்தால் கதை கந்தல்.

வளர்ந்தவர்கள் செய்கிற காரியமா இது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் செய்கிற காரியங்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் பாங்கில் வேலை பார்க்கிற வெங்கிடாசலம் சார். பெங்களூரில் இருந்தபோது கற்றுக்கொண்டாராம். ஆட்டப் புத்தகம், பகடை எல்லாம் அவருடையவைதான். நல்ல மனிதர். ஆனால் அவர் மாஸ்டராக இருந்து கதை சொன்னால் எங்களுக்குக் கொட்டாவி வரும். அப்போது ஆட்டத்தில் நான், என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி பிஜு, அவன் மனைவி சுனிதா, எர்ணாகுளத்தில் மெட்ரோ டிக்கெட் கவுண்டரில் இருக்கிற அம்பிளி. பிஜு தோப்பும்படி ஹார்பரிலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவன். ஒருநாள் தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தான். லதாக்கா ஒரு மூலையில் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெங்கிடாசலம் சாரின் ராஜா தன் படைபலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான்.

"சாரே, ஒண்ணு கேக்கட்டா? அந்த ராஜாவுக்கு வீட்டிலே யாரும் இல்லையா?" என்றார் லதாக்கா. "இத்தனை நேரமா பேசறார், சாயா குடிக்க வாங்கன்னு ஒருத்தரும் கூப்பிடலையே."

முதலில் சிரித்தவர் வெங்கிடாசலம் சார்தான். அடுத்த மாதமே மாஸ்டர் நாற்காலியை அவராகவே லதாக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். தனக்கு ஒரு மந்திரவாதி வேஷம் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஆட்டப் பைத்தியம் பிடித்தது. லதாக்காவின் உலகத்தில் ஒரு துறைமுக நகரம் இருந்தது. அங்கே பால்கவரை எண்ணி எண்ணிக் கொடுக்கிற சூனியக்காரி ஒருத்தி, மனிதர்களைத் தின்றுவிட்டு எலும்பைக் கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைக்கிற பூதம் ஒன்று, வாசலைத் திறக்காமல் உள்ளிருந்தே சண்டை போடுகிற இளவரசி. அவர்கள் எல்லாம் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அடுத்த நிமிஷம் அந்தப் பூதமே தன் கதையைச் சொல்லி அழவைத்துவிடும்.

மற்ற ஊர்களில் மாஸ்டர்கள் ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்திவைத்து அதற்குப் பின்னால் பகடை உருட்டுவார்களாம். ஆட்டக்காரன் சாகப்போகிறான் என்றால், பாவம் என்று எண்ணை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றுவதும் உண்டாம். லதாக்காவுக்கு அது பிடிக்காது. எல்லாப் பகடையும் எல்லோர் கண்ணெதிரே அவருடைய அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில்தான் விழ வேண்டும். சி. காளிமுத்து என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. புதிதாக ஒரு பகடை வந்தால் அதற்குச் சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பகடை மிதக்கிற அளவுக்குக் கல்லுப்பைக் கரைத்து, அதற்குள் போட்டுச் சுண்டிவிடுவார். நல்ல பகடை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்ணைக் காட்டும். உள்ளே குமிழி இருக்கிற பகடை திரும்பத் திரும்ப ஒரே எண்ணை மேலே காட்டும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற சிவப்புப் பிளாஸ்டிக் பகடைகள் ஒரு ஜோடி வந்தபோது ஒன்று தேறியது. மற்றது எப்படிச் சுண்டினாலும் மூன்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அதற்குச் சனியன் என்று பெயர் வைத்தோம். அன்றைக்கே பிளாஸ்டிக் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டதாக லதாக்கா சொன்னார். தேறிய சிவப்பு, மாஸ்டரின் பகடை ஆயிற்று. பவுடர் டப்பாவில் இருக்கும். ஒருவருடைய வேஷம் சாவா பிழைப்பா என்று வரும்போது மட்டும் வெளியே எடுத்து அவர் கையிலேயே கொடுப்பார்.

வெங்கிடாசலம் சாரை வெளியே அனுப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய மந்திரவாதி சாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் நான்கு விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் சார் சுண்டுவிரலால் பகடையைத் தொட்டார். நான்கு, பதினான்கு ஆனது. நான் பார்க்கவில்லை. லதாக்கா பார்த்துவிட்டார்.

"சாரே, உங்களை எனக்கு ரொம்ப இஷ்டம்," என்றார். "ஆனா இந்தத் தட்டுல கள்ளத்தனம் பண்ணினவங்க இந்த மேசையிலே உக்கார முடியாது. தெரிஞ்சுட்டே மிண்டாம, வாயை மூடிட்டு இருக்கிறவங்களும் அவங்களோட எறங்கிக்கலாம்."

எங்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். புத்தகத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு லதாக்காமேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்று கேட்டேன். விளையாட்டு என்பதால்தான் என்றார்.

இந்த வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் பிஜுவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் கடை மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தான். எர்ணாகுளத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதே என்றார். இவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். சுனிதா அழுது பார்த்தாள், முனியாயி அம்மா சாப்பிடாமல் கிடந்து பார்த்தார், நான் வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தேன். காளிமுத்து ஒரு சின்ன ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர், திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். பிஜு அப்போது இரண்டாம் வகுப்பு. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் என்றாலே அவனுக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயா குடிக்கும்போது சுனிதா, வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள், அதையும் வேண்டாம் என்கிறார் என்றாள். அடுத்த வாரம் வருகிற வியாழன். பிஜு டம்ளரைக் கீழே வைத்தான்.

"சரி. ஒரு காரியம் செய்யலாம்," என்றான். "அடுத்த ஞாயிறு என் ஆள் தனியா நம்ம கதையிலே இருக்கற அந்த நாகத்தோட குகைக்குள்ளே போவான். உசுரோட வெளியே வந்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். செத்துட்டான்னா, அப்புறம் இந்த ஆபரேஷன் பத்தி நீங்க யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. சுடலை மேல சத்தியம்."

நாங்கள் விளையாடுகிற தட்டில் இவன் தன் உயிரைத் தூக்கி வைக்கிறான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. சுடலைமேல் சத்தியம் போட்டால் அந்தக் குடும்பத்தில் யாரும் மாறமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இது களி, வெளையாட்டு," என்றார் லதாக்கா. "மனுஷன் உசுரைத் தட்டுல போட்டு உருட்ட மாட்டேன்."

"அப்போ விட்டுடு. நான் எப்பிடியும் போகப் போறதில்லை."

சுனிதா எழுந்து வந்து லதாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, சம்மதிங்க. வேற வழி இல்லை," என்றாள். அவளுடைய கணக்கு எனக்குப் புரிந்தது. பகடை உருண்டால் பாதிக்குப் பாதியாவது நம்பிக்கை, உருளாவிட்டால் அதுவும் இல்லை. லதாக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, சரி, அடுத்த ஞாயிறு என்று சொன்னார்.

அந்த வாரம் கடையில் பிளாஸ்டிக் வாங்க வந்தவரை நான் மறித்தேன்.

"லதாக்கா, ஒரே ஒரு தடவை அட்டை மறைப்பு வையுங்க. உள்ளே என்ன விழுந்தாலும் இருபதுன்னு சொல்லுங்க. யாரு கேக்கப் போறா?"

"முடியாது ரயீசே."

"அவன் உங்க தம்பி, லதாக்கா."

"அதுதான் முடியாதுன்னு சொல்றேன்."

சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கல்நெஞ்சுக்காரி என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே நல்ல மழை. பிஜு எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். லதாக்கா கதையை ஆரம்பித்தார். குகைக்குள் ஈரம், காலுக்குக் கீழே முட்டையோடுகள், எங்கேயோ மூச்சுச் சத்தம். நீ என்ன செய்யறே என்று கேட்டார். பிஜுவின் ஆள் பந்தத்தை அணைத்தான். கேடயத்தைக் கீழே போட்டான். நேராக நாகத்தின் முன்னால் போய் நின்றான். அவ்வளவு வருஷம் கெட்டிக்காரத்தனமாக ஆடியவன், அன்றைக்குச் சின்னப் பிள்ளை செய்கிற தப்பாகச் செய்துகொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

நாகம் பாய்ந்தது. லதாக்கா பவுடர் டப்பாவைத் திறந்து சிவப்புப் பகடையை எடுத்துப் பிஜுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"எட்டு மதி, அது போதும்," என்றார். "எட்டோ அதுக்கு மேலேயோ விழுந்தா உன் ஆள் பொழைச்சான்."

எட்டு. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே உயிர் வந்தது. அந்த நாகத்துக்கு எட்டு என்பது தானம் கொடுக்கிற மாதிரி. கள்ளத்தனம் பண்ணாமலே தம்பியைக் காப்பாற்ற வழி பண்ணிவிட்டார், பெரிய மனுஷி, இவரைப் போய்த் திட்டினோமே என்று நினைத்தேன். அம்பிளி சுனிதாவின் தோளைத் தட்டினாள். பிஜு கையைத் திறந்து பகடையை ஒரு தடவை பார்த்தான். அக்காவையும் பார்த்தான். பிறகு உருட்டினான்.

அது தட்டில் சுற்றிச் சுற்றி ஓடிக் காளிமுத்து என்ற எழுத்தின்மேல் நின்றது. மூன்று.

நான் லதாக்காவைப் பார்த்தேன். இப்போதாவது தட்டு ஆடிவிட்டது, மறுபடி உருட்டு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"செத்துட்டான்," என்றார் லதாக்கா.

நான் பிஜுவைப் பார்த்தேன். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அவன் முகம் தெளிந்திருந்தது. கேடயத்தை ஏன் கீழே போட்டான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் ஜெயிக்க வரவேயில்லை. இனிமேல் யாரும் தன்னை ஆஸ்பத்திரிக்கு இழுக்காமல் இருப்பதற்கு ஒரு தோல்வி வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான். வாங்கியும் விட்டான். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"உக்காரு," என்றார் லதாக்கா. "ஆட்டம் முடியலை. மத்தவங்க உசுரோட இருக்காங்க." என் பக்கம் திரும்பினார். "ரயீசே, குகை வாசலிலே நிக்கறே. உள்ளே கூட்டாளி செத்துக் கிடக்கான். நீ என்ன செய்யறே?"

"திட்டுறேன்," என்றேன். பொய் இல்லை, உள்ளே திட்டிக்கொண்டுதான் இருந்தேன். யாரை என்றுதான் தெரியவில்லை.

அம்பிளி, தான் காவல் நிற்பதாகச் சொன்னாள். அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு லதாக்கா சுனிதாவைப் பார்த்தார். சுனிதாவின் வேஷம் ஒரு மருத்துவச்சி.

"நீ என்ன செய்யறே?"

"உள்ளே போறேன்," என்றாள் சுனிதா. "அவரை வெளியே கொண்டு வரணும்."

"தனியாவா?"

"தனியாத்தான். என்னால தூக்க முடியலை. இழுக்கறேன். அப்புறம் ஊருக்குப் போகணும். பசங்ககிட்ட சொல்லணும்." நிறுத்தினாள். "மூத்தவ ஸ்கூல்ல இருப்பா. ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லணுமா, இல்லே அவ வர்ற வரைக்கும் வாசல்லே நிக்கணுமா?"

லதாக்காவின் உலகத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. சுனிதாவின் மருத்துவச்சிக்குப் பிள்ளைகளும் கிடையாது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"சின்னவன் அப்பா வண்டிச் சத்தம் கேட்டாத்தான் தூங்குவான். அவனை எப்பிடித் தூங்க வைக்கறது? அவரோட சட்டையெல்லாம் இருக்கே, அதை என்ன செய்யணும் மதினி?"

"நான் மாஸ்டர். கேக்கத்தான் முடியும். நீதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியலை," என்றாள் சுனிதா. "நான் ஒண்ணும் செய்யலை. உக்காந்துட்டேன்."

"மதி, அக்கா, போதும்," என்றான் பிஜு.

லதாக்கா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "நீ என்ன செய்யறே பிஜு?"

"நான்தான் செத்துட்டேனே."

"செத்தது உன் ஆள். நீ இங்கே உக்காந்திருக்கே. நீ என்ன செய்யறே?"

மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. பிஜு தன் மனைவியைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் வயித்திலே வரச் சொல்லியிருக்காங்க," என்றான் கடைசியில். "வியாழக்கிழமை காலையிலே. போறேன்." பிறகு பயந்துபோய், "ஆனா சத்தியம் போட்டேனே?" என்றான்.

"தோத்தா நாங்க யாரும் பேசக் கூடாதுன்னுதானே சத்தியம். நாங்க யாரும் பேசலையே," என்றார் லதாக்கா. தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று சுனிதா ஃபோனில் சொன்னபோது நான் கடையிலேயே சாக்குக் குவியலின்மேல் சாய்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை. மாடியைக் கூட்டலாம் என்று போனேன். கவிழ்த்து வைத்த தட்டை நிமிர்த்தினால், கீழே அந்தச் சிவப்புப் பகடை. பாழாய்ப்போன மூன்று என்று அதை எடுத்து ஜன்னல் வழியாக எறியக் கையை ஓங்கினேன். வெயில் பட்டது. உள்ளே அரிசி அளவுக்கு ஒரு குமிழி தெரிந்தது.

கீழே போய் டம்ளரில் தண்ணீரும் கல்லுப்பும் கொண்டுவந்தேன். கரைத்தேன். போட்டுச் சுண்டினேன். மூன்று. மறுபடி சுண்டினேன். மூன்று. எத்தனை தடவை சுண்டினேன் என்று தெரியாது. சிவப்பாக ஆடி ஆடி மூன்றையே காட்டிக்கொண்டு மிதந்தது.

நான் கேட்டபோது தம்பியைக் காப்பாற்றக் கள்ளாட்டம் ஆட மாட்டேன் என்றவர், அவனைத் தோற்கடிக்க ஆடியிருக்கிறார். எட்டு மதி என்று சொன்னாரே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான். எட்டு என்று கேட்டு எல்லோரும் மூச்சு விட்டோம், யாரும் பகடையைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் லதாக்கா என்னைத் தேடி மாடிக்கே வந்தார். பிஜு கஞ்சி குடித்தான் என்று சொல்லத்தான் வந்தார். நான் டம்ளரை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். மறுக்கவில்லை.

"பிளாஸ்டிக் சாக்கில போட்டதாச் சொன்னீங்க."

"போடலை. மறந்து வீட்டிலேயே கெடந்துச்சு. அந்த வாரம்தான் கண்ணில பட்டது."

"எட்டு விழுந்திருந்தா அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். சத்தியம் பண்ணியிருந்தான். அதைக் கெடுக்கவா இதை எடுத்தீங்க? அவன் நிஜமாவே செத்துப்போயிருந்தா?"

குரல் உயர்ந்துவிட்டது. லதாக்கா சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"அவனுக்குச் சாகிறதுக்குப் பேடி இல்லை, பயம் இல்லை ரயீசே. ஆஸ்பத்திரிக்குத்தான் பேடி. வீட்டிலே படுத்துக் கண்ணை மூடினா சொகம்னு நினைச்சுட்டிருந்தான். அப்பா போன பெறகு எங்க வீடு எப்பிடி இருந்துச்சுன்னு அவன் பாத்ததே இல்லை. தென்காசிக்கு மாமன் வீட்டுக்கு அனுப்பிட்டோம். அம்மா தெருக் கூட்ட எறங்கினதும் நான் ஸ்கூலை விட்டதும் அவன் திரும்பி வரும்போது பழசாயிடுச்சு. செத்தா மத்தவங்களுக்கு என்னாகும்னு அவனுக்கு ஒரு தடவை காட்டணும்னு தோணிச்சு. அவன் ஆள் ஜெயிச்சா சத்தியத்துக்காகப் போவான், பொழைக்கணும்னு போக மாட்டான், எனக்கும் அதைக் காட்ட முடியாது. நல்ல பகடையைக் குடுத்தா எட்டு விழுமோ விழாதோ, யாருக்குத் தெரியும்?"

"சுனிதா அப்பிடிப் பேசுவான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார். "அவ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் என் தம்பியைக் கொன்னிருப்பேன்."

அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை. லதாக்கா பவுடர் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். நல்ல பகடை அதற்குள் கிடந்தது. தட்டையும் என் பக்கம் தள்ளினார்.

"இனி நீ மாஸ்டரா இரு. எனக்கு இதிலே எடம் இல்லை."

"யாருக்குத் தெரியும் லதாக்கா? நான் சொல்ல மாட்டேன்."

"வெங்கிடாசலம் சாரை இந்தப் படியிலதானே எறக்கிவிட்டேன்," என்றார். இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. காலையில் பச்சைக் கோட்டோடு வருவார், கடைப் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்வார், பிஜு நடக்கிறான் என்பார், போய்விடுவார். அவருடைய அந்தத் துறைமுக நகரமும் சூனியக்காரியும் பூதமும் அப்படியே நின்றுபோயின. நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஓணம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஜு மாடி ஏறி வந்தான். ஒரு தடவைகூட உட்காரவில்லை. சட்டையின் மேல் பொத்தானுக்கு மேலே நெஞ்சுத் தழும்பின் நுனி தெரிந்தது. பின்னால் சுனிதாவும் அம்பிளியும். மாஸ்டர் நாற்காலியில் நான் இருப்பதைப் பார்த்தான்.

"அக்காவுக்கு என்ன? கேட்டா டியூட்டிங்கறா. ஞாயித்துக்கிழமை என்ன டியூட்டி?"

"களைப்பா இருக்காங்க," என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது, என் வியாபாரத்தைப் பார்த்தாலே தெரியும்.

பிஜு தட்டைத் தன் பக்கம் இழுத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சனியன் எங்கே?" என்றான்.

சுனிதா புரியாமல் பார்த்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கையிலே வாங்கினப்பவே தெரியும்டா. நாம எல்லாரும்தானே அதை டம்ளர்ல போட்டுப் பாத்தோம். உள்ளே குமிழி தெரிஞ்சுது. ஒரு நாளும் கள்ளத்தனம் பண்ணாதவ, எனக்கு மூணு விழட்டும்னு குடுக்கறா. எனக்குத் தலை சுத்திப்போச்சு. அக்காவே என்னைச் செத்துப் போன்னு விட்டுட்டாளான்னு நினைச்சேன். அவ முகத்தைப் பாத்தேன். அப்பிடித் தோணலை."

"அப்புறம் ஏண்டா உருட்டினே?"

"அக்கா குடுத்தா," என்றான் பிஜு. "உருட்டினேன்."

சுனிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்பிளி என்னை முறைத்தாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன், டம்ளரில் மிதந்ததையும், லதாக்கா படி இறங்கிப் போனதையும். சொல்லி முடித்ததும் பிஜு எழுந்தான்.

"தெரிஞ்சுட்டே மிண்டாம இருந்தவனும் எறங்கணும். அதுதானே விதி? நானும் எறங்கறேன். நீயும் எறங்கு. இப்போ இவங்க ரெண்டு பேருக்கும் தெரியும், இவங்களும் எறங்கணும்."

"அப்போ வெங்கிடாசலம் சார்?" என்றாள் அம்பிளி.

"அவரையும் கூப்பிடு. எல்லாரும் கள்ளனுங்கதான். எறங்கினவங்க எல்லாரும் அக்கா வீட்டிலே உக்காருவோம்."

மாடியைப் பூட்டினேன். சுனிதா தட்டை முந்தானையால் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிஜு முன்னால் நடந்தான், வேகமாக நடக்காதே என்று நான் பின்னாலிருந்து திட்டிக்கொண்டே போனேன். லதாக்கா வீட்டு வாசலில் பச்சைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தவர் எங்களையும் தட்டையும் பார்த்து அப்படியே நின்றார்.

பிஜுதான் கேட்டான். "இப்போ நீ என்ன செய்யறே அக்கா?"